திருப்பிக் கொடுத்தவனுக்கு வரியா?

(நடுவரின் தீர்ப்புரை)

ஒரு மணி நேரமாக என்னை முறைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்து அணியினரே, தீர்ப்பு நமக்குத்தான் என்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்து அணியினரே! (சிரிப்பு)

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் திகைப்பு. 'விளையாட்டு மைதானத்தில் தன் கைக்கு வந்த பந்தைத் திருப்பிக் கொடுத்த ரசிகனுக்குப் பரிசு கிடைத்தால், அதற்கு வரி வாங்கலாமா, கூடாதா?' நான் தமிழ் வாத்தியார் ஐயா. எனக்கு வரி என்றால் பாட்டில் வருகிற வரிதான் தெரியும். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற வரி இருக்கிறதே, அது எப்படிப் போகிறது என்று எனக்கும் தெரியாது, என் சம்பளத்துக்கும் தெரியாது. (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் இரண்டு அணியும் பேசியதைக் கேட்ட பிறகு, இது வெறும் பந்துச் சண்டை இல்லை என்று புரிந்தது. நல்லது செய்கிறவனிடம் ஒரு நாடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற கேள்வி இது.

முதலில் பந்து யாருடையது? அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சின்ன வயசில் எங்க தெருவில் ஒரு பாட்டி வீடு. பந்து அந்த வீட்டுக்குள்ளே போனால் போனதுதான். பாட்டி எடுத்துப் பரண் மேல் போட்டுவிடுவார். "ஏன் பாட்டி, எங்க பந்துதானே?" என்று கேட்டால், "என் வீட்டுக்குள்ள வந்ததெல்லாம் என்னுதுதான்" என்பார். (சிரிப்பு) சேப்பாக்கத்தில் அப்படிச் சொல்ல முடியுமா? கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்துப் பந்து கூட்டத்தில் விழுந்தால், பிடித்தவர் மறுபடி உள்ளே எறிந்துவிட வேண்டும். அதே பந்தில்தான் அடுத்த பந்து வீச வேண்டும்.

அமெரிக்காவின் பேஸ்பாலில் எங்க தெருப் பாட்டியின் சட்டம். கூட்டத்துக்குள் வந்து விழுந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். 1921-ல் நியூயார்க்கில் ஒரு ரசிகர் பந்தைத் தர மறுத்தார். ஊழியர்கள் அவரை வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டு 100 டாலர் இழப்பீடு வாங்கினார். அந்தக் காலத்திலிருந்தே 'பிடித்தவனுக்குப் பந்து' என்பது அங்கே பழக்கமாகிப் போனது. அங்கே நம்ம சிக்ஸர் மாதிரி அடிப்பதை ஹோம் ரன் என்கிறார்கள். சாதாரண ஹோம் ரன் பந்து என்றால் வீட்டு அலமாரியில் வைத்துப் பேரனிடம் காட்டலாம். சாதனைப் பந்து என்றால் வேறு கதை. மார்க் மெக்வயர் என்ற வீரர் 1998-ல் அடித்த எழுபதாவது ஹோம் ரன் பந்து அடுத்த ஜனவரியில் ஏலத்தில் சுமார் 30 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு தோல் பந்துங்க! உள்ளே நூல் சுற்றியிருக்கும், மேலே தையல் போட்டிருக்கும். அவ்வளவுதான்.

இப்போது நம்ம கதாநாயகனுக்கு வருவோம்.

2011 ஜூலை 9. நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரிக் ஜீட்டர் தன் மூவாயிரமாவது ஹிட்டை அடிக்கிறார். அந்தப் புகழ் பெற்ற அணியில் அதுவரை ஒருவரும் எட்டாத எண் அது. அதையும் ஹோம் ரன்னாக அடித்தார். பந்து பறந்து போய் ஓர் இளைஞர் கைக்கு வந்தது. அந்த இளைஞருக்குப் படித்த கடன் பாக்கி. ஏலத்துக்கு விட்டால் லட்சக்கணக்கான டாலர் என்று அந்தத் தொழில் தெரிந்தவர்கள் பேசினார்கள். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? உண்மையைச் சொல்லுங்க. பக்கத்தில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பயப்படாமல் சொல்லுங்க. (சிரிப்பு) அந்தப் பையன் யோசிக்கவே இல்லை. இது ஜீட்டர் உழைத்துச் சம்பாதித்த பந்து, எனக்கெதற்கு என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அணி நிர்வாகம் நெகிழ்ந்துபோனது. அந்த சீசன் முடிகிற வரைக்கும் சொந்த ஊரில் நடக்கிற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உயர்தர இருக்கை டிக்கெட்டுகள் கொடுத்தது. ஜீட்டர் கையெழுத்துப் போட்ட மட்டைகள், பந்துகள், சட்டைகளும் கிடைத்தன. ஊரே கொண்டாடியது.

இரண்டு நாளில் பத்திரிகைக்காரர்கள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். இந்த டிக்கெட்டுகளின் விலை பல ஆயிரம் டாலர். அது வருமானம். அப்படியானால் வரி? சில ஆயிரம் டாலர் என்றார் ஒருவர். 14,000 டாலர் வரை போகலாம் என்றார் இன்னொருவர். கையில் ஒரு டாலர்கூட ரொக்கமாக வரவில்லை. ஏற்கெனவே படிப்புக் கடன். இப்போது நல்லது செய்ததற்கு ஒரு புதுக் கடன்! ஒரு பீர் கம்பெனி, 'தம்பி, கவலைப்படாதே, அந்த வரியை நாங்க கட்டறோம்' என்று முன்வந்தது. அதில் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் கிடைத்தது, அது வேறு கதை.

'வரி கூடாது' அணியின் தலைவர் இந்த இடத்தில்தான் மேசையைத் தட்டிக் கேட்டார்: "பந்தை வைத்துக்கொண்டவனை விட்டுவிட்டு, கொடுத்தவன் கழுத்தில் துண்டு போடுவது என்ன நியாயம்?" அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். நடுவர் தட்டக்கூடாது, மறந்துபோய்த் தட்டிவிட்டேன். (சிரிப்பு)

இது 2011-ல் முளைத்த கேள்வி இல்லை. 1998-லேயே ஒரு கூத்து நடந்தது. ரோஜர் மாரிஸ் 1961-ல் ஒரே சீசனில் 61 ஹோம் ரன் அடித்திருந்தார். 37 வருஷமாக அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை. மெக்வயர் தாண்டப்போகிறார் என்று நாடே காத்திருந்த நேரத்தில், வரித்துறையின் செய்தித் தொடர்பாளர் ஒருவர் வாயைத் திறந்தார். பந்தைப் பிடிக்கிற ரசிகர் அதை மெக்வயரிடம் திருப்பிக் கொடுத்தால், அவர் பரிசு வரி கட்ட வேண்டி வரலாம் என்றார்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனிக்கணும். அமெரிக்காவில் பரிசு வரி என்பது வாங்குகிறவர் கட்டுவதில்லை, கொடுக்கிறவர் கட்டுவது. 1998-ல் ஒருவர் இன்னொருவருக்கு வருஷத்துக்கு 10,000 டாலர் வரை கணக்கில்லாமல் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் கணக்குக் காட்ட வேண்டும். பந்தின் மதிப்பு பத்து லட்சம் டாலர் என்று வைத்தால், அந்த ரசிகர் மெக்வயருக்குப் பத்து லட்சம் தானம் செய்த வள்ளல் ஆகிவிடுகிறார். கர்ணன் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்ததும் பின்னாலேயே ஓர் அதிகாரி வந்து, "ஐயா, கொடுத்ததற்கு ரசீது இருக்கா?" என்று கேட்ட மாதிரி! (பலத்த சிரிப்பு)

அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் பிடித்துக் கிழித்துவிட்டார்கள். உடனே வரித்துறையின் தலைவர் சார்ல்ஸ் ரொசோட்டி விளக்கம் கொடுத்தார். ஒருவருக்கு ஒரு பரிசு விழுகிறது, அவர் உடனே வேண்டாம் என்கிறார் என்றால் அவருக்கு வரி கிடையாது. கேட்காமலே வீட்டுக்கு வந்த சரக்கைத் திருப்பி அனுப்பினாலும் வரி கிடையாது. அதே மாதிரிதான் பந்தும். உடனே திருப்பிக் கொடுத்தால் வருமான வரியும் இல்லை, பரிசு வரியும் இல்லை. விற்றால் அது வேறு கணக்கு. வரிச் சட்டம் சில நேரங்களில் பேஸ்பாலின் குழப்பமான விதி மாதிரி புரியாமல்தான் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 8-ஆம் தேதி மெக்வயர் 62-ஆவது ஹோம் ரன் அடித்தார். பந்து கூட்டத்துக்குள் போகவில்லை. மைதானப் பராமரிப்பு ஊழியர் ஒருவர் கைக்குக் கிடைத்தது. அவரும் அதை மெக்வயரிடமே கொடுத்துவிட்டார்.

ஆகவே ஒரு பாதி 1998-லேயே தீர்ந்துபோனது. திருப்பிக் கொடுத்த செயலுக்கு வரி இல்லை. நம் முன்னே இருப்பது மறு பாதி. திருப்பிக் கொடுத்ததற்காக வந்த பரிசு இருக்கிறதே, அதற்கு வரி உண்டா?

'வரி வேண்டும்' அணியின் பேராசிரியர் அம்மா சட்டத்தை அழகாக எடுத்து வைத்தார்கள். அதை நான் எளிமையாகச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டத்தில் எந்த வழியில் வந்தாலும் வருமானம் வருமானம்தான். ஒரு தம்பதியர் 15 டாலருக்குப் பழைய பியானோ ஒன்று வாங்கினார்கள். ஏழு வருஷம் கழித்து அதைத் துடைக்கும்போது உள்ளே 4,467 டாலர் பணம் இருந்தது. புதையல்! அதற்கும் வரி கட்டு என்று 1969-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனிமேல் வீட்டில் பழைய பீரோவைத் துடைக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு துடையுங்கள். (சிரிப்பு)

ஆனால் அதே சட்டத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அன்பளிப்பாக வந்தால் வாங்குகிறவருக்கு வருமான வரி கிடையாது. அப்படியானால் எது அன்பளிப்பு? 1960-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தீர்மானித்தது. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு நல்ல வாடிக்கையாளர்களைக் காட்டிக் கொடுத்தார். நன்றிக்கடனாக ஒரு கேடிலாக் கார் வந்தது. "நான் கேட்கவே இல்லை, அவராகக் கொடுத்தார்" என்றார் வாங்கியவர். நீதிமன்றம் என்ன சொன்னது? எதிர்பார்ப்பில்லாத, பற்றில்லாத தாராள மனசோடு கொடுத்தால்தான் அது அன்பளிப்பு. இது பழைய உதவிக்குக் கூலி, அல்லது நாளைய உதவிக்கு அச்சாரம். ஆகவே வரி கட்டு என்றது. கார் கொடுத்த கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தில் அந்தக் காரை வியாபாரச் செலவு என்றே எழுதியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் எனக்கு வேண்டும்.

தமிழ் வாத்தியாருக்கு இது புதுசா? ஒன்றும் இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று குறித்து வைத்துக் கொடுப்பது என்று நம்ம வள்ளுவர் எப்போதோ சொல்லிவிட்டார். நம்ம வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்க. 501 ரூபாய் எழுதினவர் வீட்டில் விசேஷம் வந்தால் நாம் எவ்வளவு எழுதுகிறோம்? அவர் கொடுத்தது அன்பளிப்பா, கடனா? (சிரிப்பு) நம்ம நாட்டு வருமான வரிச் சட்டமும் இதைக் கவனித்துத்தான் வைத்திருக்கிறது. உறவினர் அல்லாதவர்கள் கொடுக்கிற பணம் ஒரு வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் வருமானம். கல்யாணத்தில் மணமக்களுக்கு வருவதற்கு மட்டும் விலக்கு. காதுகுத்துக்கு விலக்குக் கிடையாது, ஜாக்கிரதை! (பலத்த சிரிப்பு)

இப்போது யாங்கீஸ் அணி கொடுத்த டிக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்ப்போம். அணி ஒரு வியாபார நிறுவனம். பையன் கொடுத்த பந்து அதற்கு வேண்டிய பந்து. அந்த டிக்கெட்டால் அணிக்கும் நல்ல பெயர். அப்புறம் எங்கே பற்றில்லாத தாராளம்? ஆகவே வரி என்கிறது ஒரு பக்கம். மறு பக்கம் கேட்கிறது: பையன் பேரம் பேசினானா? எனக்கு இன்னது கொடு, பந்து தருகிறேன் என்றானா? அவன் முதலில் கொடுத்துவிட்டான், அவர்கள் பிறகு மனசார நன்றி சொன்னார்கள். இது ஏன் அன்பளிப்பு இல்லை? இரண்டு பக்கத்திலும் வலு இருக்கிறது ஐயா. அதனால்தான் வரி நிபுணர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள்.

பேரம் பேசினால் எப்படி இருக்கும்? அதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 2021 அக்டோபர் 24. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் டாம் பிரேடியின் அறுநூறாவது டச் டவுன் பாஸ். பந்தைப் பிடித்த மைக் எவன்ஸ், அது என்ன பந்து என்று தெரியாமலே கூட்டத்தில் இருந்த ஒரு ரசிகரிடம் கொடுத்துவிட்டார். அணி ஊழியர்கள் ஓடி வந்து கேட்டார்கள். ரசிகர் கொடுத்துவிட்டார். பந்தின் மதிப்பு ஐந்து லட்சம் டாலர் இருக்கும் என்று ஏலக்காரர்கள் சொன்னார்கள். பதிலுக்கு அவருக்குக் கையெழுத்துப் போட்ட சட்டைகள், தலைக்கவசம், அடுத்த சீசன் வரைக்கும் டிக்கெட்டுகள், அணியின் கடையில் 1,000 டாலருக்குப் பொருள் கிடைத்தன. போதாததற்குப் பிரேடி ஒரு பிட்காயினும் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு அதன் விலையே 60,000 டாலருக்கு மேல். இதில் எது நன்றி, எது விலை? பந்து கை மாறும்போதே 'இது தருகிறோம், அது தருகிறோம்' என்று பேச்சு ஆரம்பித்துவிட்டால், அது பாதி வியாபாரம்தானே?

'வரி வேண்டும்' அணி இதைத்தான் பிடித்துக்கொண்டது. 'அன்பளிப்பு' என்று ஒரு பெயரை ஒட்டினால் வரி இல்லை என்று ஆக்கிவிட்டால், நாளைக்குக் கம்பெனிகள் சம்பளத்தையே அன்பளிப்பு என்று எழுத ஆரம்பிப்பார்கள். 2004-ல் ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு புதுக் கார் கொடுத்தார். எல்லோரும் ஆனந்தத்தில் அலறினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொருவருக்கும் 7,000 டாலர் வரை வருமான வரி வரும் என்று. மறுபடி அலறினார்கள், வேறு சுருதியில்! (சிரிப்பு) அவர்களுக்கு வரி, பந்து கொடுத்தவருக்கு மட்டும் விலக்கா? அதே மைதானத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவர் தன் கூலிக்கு வரி கட்டவில்லையா? வெயிலில் உழைத்தவனுக்கு வரி, பந்து தேடி வந்தவனுக்கு விலக்கு என்றால் அதுவும் அநியாயம்தானே? இந்தக் கேள்வியை நான் லேசில் ஒதுக்க மாட்டேன். வரியில்தான் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கிறது. அதில் ஓட்டை போடுகிறவன் அடுத்த வீட்டுக்காரன் தோளில் பாரத்தை ஏற்றுகிறான்.

'வரி கூடாது' அணியில் கடைசியாகப் பேசிய தம்பி, இதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னார். என் மனசைத் தைத்த கதை அதுதான். 2007 ஆகஸ்ட் 7. சான்பிரான்சிஸ்கோவில் பாரி பாண்ட்ஸ் தன் 756-ஆவது ஹோம் ரன்னை அடித்து, ஹாங்க் ஆரனின் 755 என்ற சாதனையைத் தாண்டினார். பந்து ஒரு சாதாரண இளைஞர் கையில் சிக்கியது. அவருக்கு அதை வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் விவரம் தெரிந்தவர்கள், வைத்திருந்தாலே வரி கேட்பார்கள் என்று சொன்னார்கள். கட்ட வசதி இல்லை. ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். 7,52,467 டாலருக்குப் போனது. பணம் கிடைத்தது, சரி. ஆனால் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளலாம், அன்போடு திருப்பிக் கொடுக்கலாம் என்கிற வழியெல்லாம் அடைபட்டு, விற்பது ஒன்றுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு பையனுக்குத் தோன்றிவிட்டதே, அதுதான் வேதனை.

இத்தனைக்கும் பந்தைச் சும்மா வைத்திருப்பவரிடம் வரி வசூலிப்பது வரித்துறையின் நடைமுறையாக இருந்ததில்லை. விற்கும்போதுதான் கணக்குக் கேட்பார்கள். ஆகவே பந்தைப் பூட்டி வைத்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான். விற்றவன் கையில் பணம் இருக்கிறது, அதில் ஒரு பங்கை வரியாகக் கட்டுகிறான், வலி இல்லை. திருப்பிக் கொடுத்தவனுக்கு மட்டும் கையில் பணமும் இல்லை, பந்தும் இல்லை, டிக்கெட்டுக்கு வரி இருக்கிறது! மூன்று பேரில் நல்லவன் யாரோ அவன் ராத்திரிதான் தூக்கம் போகிறது. ஒரு சட்டம் தன்னை அறியாமல் 'கொடுக்காதே, விற்றுவிடு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்தச் சட்டம் எவ்வளவு பணம் வசூலித்தாலும் நஷ்டம்தான். (கைதட்டல்)

அப்படியானால் நடுவரே, முடிவு என்ன? அவசரப்படாதீங்க, சொல்லிவிடுகிறேன்.

வீரர் தன் மனசாரக் கொடுக்கிற பொருள் இருக்கிறதே, தன் மட்டையில் தன் கையெழுத்தைப் போட்டு 'நன்றி தம்பி' என்று தருவது, அது அன்பளிப்பு. அதற்கு வரி கூடாது. நாளைக்கு அதை அவன் விற்றால் அன்றைக்கு வரி வாங்கிக்கொள்ளட்டும். அன்றைக்கு அவன் கையில் பணமிருக்கும்.

அணி நிர்வாகம் கொடுக்கிற விலை உயர்ந்த டிக்கெட்டும் மற்றதும் வேறு. இதில் நான் 'வரி வேண்டும்' அணியோடு பாதித் தூரம் போகிறேன். அந்தக் கேடிலாக் காரை நினைவில் வைக்கச் சொன்னேனே, இங்கேதான் அது வருகிறது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு கம்பெனி வியாபாரத் தொடர்பில் அன்பளிப்பு என்று எழுதினால், ஒருவருக்கு வருஷத்தில் 25 டாலருக்கு மேல் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. விளம்பரச் செலவு என்று எழுதினால் கழிக்கலாம். ஆகவே கொடுத்தவரின் கணக்குப் புத்தகமே உண்மையைச் சொல்லிவிடும். அன்பளிப்பு என்று எழுதி, தன் வரியைக் குறைத்துக்கொள்ளாமல் கொடுத்தால், பையனிடம் வரி கேட்காதே. செலவு என்று எழுதி லாபத்தில் கழித்துக்கொண்டால், அது வியாபாரம், வரி உண்டு. ஒரே பொருளைக் கொடுக்கும்போது செலவு என்றும், வாங்கும்போது அன்பளிப்பு என்றும் இரண்டு நாக்கில் பேசக்கூடாது.

சரி, வரி உண்டென்றால் யார் கட்டுவது? விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, இலைக்குக் காசு கேட்கலாமா? (சிரிப்பு) கொடுக்கிறவரே வரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கம்பெனி தன் தலைவரின் வருமான வரியைத் தானே கட்டியது. அப்படிக் கட்டிய வரியும் அவருக்கு வருமானம்தான் என்று 1929-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பீர் கம்பெனி கட்டினாலும் இதே கதைதான், கட்டிய தொகைக்கே வரி! பயப்பட வேண்டாம், கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு 30,000 டாலருக்கு டிக்கெட். வரி நூற்றுக்கு 25. அதற்கு 7,500 கொடுத்தால் போதாது, ஏனென்றால் அந்த 7,500-க்கும் வரி வரும். கூடவே 10,000 டாலர் ரொக்கம் கொடுத்துவிட்டால், மொத்தம் 40,000. அதில் கால் பங்கு 10,000. வரி கட்டியாச்சு. டிக்கெட் முழுசாகப் பையனுக்கு. அரசாங்கத்துக்கும் நஷ்டமில்லை, அணிக்கும் இது பெரிய தொகை இல்லை.

நல்ல காரியத்துக்குச் சட்டத்தை வளைக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய அமெரிக்க வீரர்கள் ஒரு காலத்தில் பதக்கத்துக்கும் பரிசுப் பணத்துக்கும் வரி கட்டினார்கள். நாட்டுக்குப் பெருமை சேர்த்தவனிடமா வரி என்று கேள்வி எழுந்தது. 2016-ல் சட்டம் போட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிற பணக்கார வீரர்களைத் தவிர மற்றவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஓர் எல்லை வகுத்து, வசதியானவனை விலக்கி, எளியவனுக்கு மட்டும் வழி விட முடிந்தது. திருப்பிக் கொடுக்கிற ரசிகனுக்கும் அப்படி ஓர் எல்லை வகுப்பது முடியாத காரியமா?

ஆகவே என் தீர்ப்பு இது. பேரம் பேசி வாங்கியதற்கு வரி உண்டு, அது விலை. விற்றுச் சம்பாதித்ததற்கு வரி உண்டு, அது வருமானம். ஆனால், உன்னுடையது உனக்கு என்று கேட்காமல் கொடுத்தவனுக்கு வந்த நன்றிப் பரிசுக்கு அவன் தன் பையிலிருந்து ஒரு காசு வரி கட்டக்கூடாது! வரி வந்தே ஆக வேண்டுமென்றால், பரிசு கொடுத்தவர் கட்டட்டும். அந்த வகையில் 'வரி கூடாது' என்று வாதாடிய அணிக்கே வெற்றி. (நீண்ட கைதட்டல்)

ஒரே ஒரு நிமிஷம். எங்க தெருப் பாட்டியைப் பற்றி ஆரம்பித்தேன், முடிக்காமல் போனால் பாட்டி கோபிப்பார். ஒரு நாள் பாட்டி ஊருக்குக் கிளம்பும்போது பரண் மேலிருந்த பந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எங்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார். நாங்க பத்து பேரும் பதிலுக்குப் பாட்டியின் மூட்டையைப் பேருந்து நிலையம் வரைக்கும் சுமந்துகொண்டு போனோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. நல்லவேளை, வழியில் எந்த அதிகாரியும் மூட்டைக் கூலி என்ன விலை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், அடுத்த முறை நாங்கள் தூக்கியிருக்க மாட்டோம், பாட்டியும் பந்தைக் கொடுத்திருக்க மாட்டார்.